வெள்ளவத்தையில் அழுத்தினால் ஸ்காபரோவில் எப்போது குதிக்கும்?

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் நானும் கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சானும் சேர்ந்து விளையாட ஒரு சின்ன பிளாட்ஃபோமர் கேம், அதாவது ஓடிக் குதித்துப் பள்ளம் தாண்டும் கேம், செய்துகொண்டிருக்கிறேன். ஒன்லைன் சேர்ப்பது கடைசி வாரத்து வேலை என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் போய்விட்டது.

பொத்தானை அழுத்திய கணமே ஆள் எழும்ப வேண்டும், இந்த வகைக் கேமின் உயிரே அதுதான். திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். செக்கனுக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன். கொழும்பிலிருந்து டொராண்டோ நேராக அளந்தாலே ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். ஆக, எவ்வளவு காசு கட்டி இணைப்பு எடுத்தாலும் போவதற்கு மட்டும் 70 மில்லிசெக்கன், அதாவது நாலு பிரேமுக்கு மேல். கேபிள் சுற்றி வளைத்துப் போவதால் நிஜத்தில் இன்னும் கூடும்.

இந்தத் தாமதத்தைச் சமாளிக்கச் சில முறைகள் உண்டு. முதலில் லொக்ஸ்டெப் முறை. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது மட்டும்தான் போய்வரும், எல்லா இயந்திரமும் மற்றவருக்காகக் காத்திருக்கும். எழுதுவது சுலபம், டேட்டாவும் மிகக் குறைவு. ஆனால் ஒருவரின் இணைப்பு தள்ளாடினால் எல்லோருக்கும் கேம் ஊர்ந்து போகும். வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடையில் என்றால் சரி, கனடாவுக்குச் சரிவராது.

ரோல்பேக் வேறு ரகம். மச்சான் முன்பு அழுத்திய பொத்தானையே இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறான் என்று ஊகித்துக் கேம் காத்திராமல் ஓடும். ஊகம் பிழைத்தால் பின்னால் போய், தவறிய பிரேம்களை ஒரே மூச்சில் திரும்பக் கணக்கிடும். இதைச் செய்து தரும் மென்பொருளான, சண்டைக் கேம்களுக்காகப் பிறந்த ஜிஜிபிஓ (GGPO) 2019 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. சண்டைக் கேமில் ஒரு குத்துக்கு முன் கை ஓங்கும் சில பிரேம்கள் இருக்கும், பிழை அதற்குள் மறைந்துவிடும். குதிப்பதற்கு அப்படி ஓங்கல் கிடையாது. பள்ளத்தின் விளிம்பில் அவன் பாய்கிறான். என் திரையில் அவன் ஓடிப்போய் விழுகிறான், அடுத்த கணம் அந்தரத்தில் முளைக்கிறான். "டேய், நான் எப்பவோ பாஞ்சிட்டன்!" என்று போனில் சத்தம் வேறு. இதற்கு மேல், இரண்டு இயந்திரமும் ஒரே விடைக்கு வர வேண்டும். தசமக் கணக்கில் நூலளவு வித்தியாசம் வந்தாலும் நகரும் பலகை எனக்கு ஓரிடம், அவனுக்கு வேறிடம். அதைத் தேடியே எனக்கு இரண்டு வாரம் போனது.

எல்லாவற்றையும் நடுவில் இருக்கும் ஒரு கணினியே, அதாவது சேர்வரே, தீர்மானிக்கும் முறையும் உண்டு. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க அது நல்லது. இரண்டு பேருக்கு மாதாமாதம் டொலரில் வாடகை கட்ட எனக்கு மனமில்லை.

மிச்சம் இருப்பது நிழல் முறை. 2023இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர் ஒன்லைனில் மற்றவர்களை நிழலாகத்தான் காட்டுகிறது, யாரும் யாரையும் இடிக்க முடியாது. என் ஆள் முழுக்க என் இயந்திரத்தில் ஓடுவதால் அவன் நிழல் கொஞ்சம் பிந்தி வந்தாலும் என் குதி கெடாது. தலையில் மிதித்து ஏறுவது, தள்ளிவிடுவது எல்லாம் போய்விடும். அதுதானே பாதிச் சந்தோஷம்!

யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவரோடு விளையாடுவதென்றால் ரோல்பேக்கைத்தான் எடுத்திருப்பேன். மச்சானுக்காக நிழலுக்கு மாறிவிட்டேன். அவன் விழுந்த இடத்தில் ஒரு செருப்பு கிடக்கும், அதை நான் தொட்டால் அவன் எழும்புவான். செருப்பு அரைச் செக்கன் பிந்தி வந்தாலும் இருவருக்கும் தெரிவதில்லை.