வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் போட்டிக் கணிதம்: டியூஷனா, ஸூம் வகுப்பா, வீட்டு மேசையா?

இலங்கை மலையகத்தில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்கள் கொஞ்சம்தான். அதிலும் பிள்ளை கணக்குப் பைத்தியமாகி, "ஒலிம்பியாட் எழுதணும்" என்று நிற்கும் வீடுகள் இன்னும் குறைவு. எங்கள் வீடு அதில் ஒன்று. ஹட்டன் பக்கம் இருக்கிறோம், மகளுக்கு 13 வயது. கணக்கில் கெட்டிக்காரிதான். ஆனால் போட்டிக் கணக்குக்கு வந்ததும் அழுகை, கோபம், கொப்பியைத் தூக்கி எறிவது எல்லாம் வந்தன. உதவிக்கு எங்கே போவது என்று தேடியபோது மூன்று வழிகள் தெரிந்தன. மூன்றையும் பார்த்தபிறகு எனக்கு உறுதியாக ஒரு கருத்து இருக்கிறது.

முதலில் எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். யார் நன்றாகப் படிப்பிக்கிறார்கள் என்பதை வைத்தல்ல. பாடசாலைக்குப் போகும் பிள்ளை தன் வகுப்பில் முப்பது பேர் அதே கணக்கில் முழிப்பதைத் தினமும் பார்க்கிறது. தனக்கு வராதபோது "எனக்கு மட்டுமில்லை" என்று அதற்குத் தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அது தெரியாது. அது பார்ப்பதெல்லாம் புத்தகத்தின் பின்பக்கத்தில் அழகாக எழுதி முடித்த விடையைத்தான். ஒருவர் திணறி, தப்பாகப் போய், திரும்பி வருவதைப் பார்க்க வாய்ப்பே இல்லை. அதனால், தான் திணறும்போது, தனக்கு மூளை இல்லை என்றே முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே நான் கேட்கும் கேள்வி இது: இன்னொரு மனிதர் கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்பதை இந்த வழியில் என் பிள்ளை பார்க்குமா?

டவுன் டியூஷனில் பார்க்காது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் நல்ல கணித ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வகுப்புகள் 11ஆம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கானவை. இரண்டு மணித்தியால முதலாம் பத்திரம், மூன்று மணித்தியால இரண்டாம் பத்திரம், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி வகைகள், அவற்றுக்கான படிமுறைகள். சேர் பலகையில் எழுதுவார், எங்கேயும் நிற்கமாட்டார். நிற்கவும் கூடாது, ஏனென்றால் அவருக்குப் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். போட்டிக் கணிதத்தின் நான்கு பெரிய பகுதிகளான அட்சரகணிதம், கேத்திரகணிதம், எண் கோட்பாடு (முழு எண்களின் குணங்கள்), சேர்மானவியல் (எத்தனை விதமாகச் செய்யலாம் என்று எண்ணுவது) ஆகியவற்றில் கடைசி இரண்டும் அந்த வகுப்பில் அநேகமாக வராது. கேத்திரகணிதம் மட்டும் கைகொடுக்கும். வட்டத் தேற்றங்களையும் வட்ட நாற்பக்கலையும் (நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் இருப்பது) நிறுவல், அதாவது ஏன் உண்மை என்ற முழுக் காரணம், எழுதிப் படித்த பிள்ளைக்கு ஒலிம்பியாட் கேத்திரகணிதம் அந்நியமாகத் தெரியாது. அதற்காக மட்டும் கொஞ்சக் காலம் அனுப்பலாம். மழைக்காலத்தில் இருட்டியபிறகு பஸ் பிடித்துத் திரும்பி வரும் களைப்பையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்த இரவில் பிள்ளை வேறு எந்தக் கணக்கையும் தொடாது.

ஸூம் வகுப்புகள் கொழும்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கிடைக்கின்றன. பாடம் சரியான பாடம்: வகுத்தால் வரும் மிச்சங்கள், புறாக்கூட்டுத் தத்துவம் (கூடுகளைவிடப் புறாக்கள் கூடினால் ஏதோ ஒரு கூட்டில் இரண்டாவது இருக்கும் என்பது), சமனிலிகள் எல்லாம் உண்டு. எங்கள் ஊரில் காற்றும் மழையும் வந்தால் கரண்ட் போகும், சிக்னலும் போகும். அது பெரிய பிரச்சினை இல்லை, பதிவைப் பிறகு பார்க்கலாம். பெரிய பிரச்சினை வேறு. எல்லாருடைய கமராவும் மூடியிருக்கும். கேள்வி திரையில் வந்து ஒரு நிமிடத்தில் யாரோ ஒரு பிள்ளை திரையோரத்து அரட்டைப் பெட்டியில் விடையைப் போட்டுவிடும். ஆசிரியர் "வெரி குட்" என்று அடுத்த கேள்விக்குப் போவார். இன்னும் கேள்வியை வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? விடை போட்ட அந்த ஒருவரை மட்டுமே அது பார்க்கிறது, போடாமல் முழித்த மற்ற இருபது பேரை அது பார்ப்பதே இல்லை. மனசு ஏற்கெனவே நொந்திருக்கும் பிள்ளைக்கு மூன்றிலும் மோசமான வழி இதுதான் என்பது என் தீர்ப்பு. நம்பிக்கை வந்தபிறகு, பாடத்துக்காக மட்டும் சேர்க்கலாம்.

மூன்றாவது வழி வீட்டு மேசை. அம்மாவோ அப்பாவோ பக்கத்தில், ஒரே ஒரு கேள்வி, கடிகாரம் இல்லை. "எனக்கே கணக்கு வராது, நான் எப்படி?" என்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு கேள்வியை விரிவாகவே சொல்கிறேன்.

1 முதல் 10 வரை எண்களை எழுதுங்கள். ஏதாவது இரண்டை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வரும் எண்ணை எழுதுங்கள். இப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் ஒரே ஒரு எண் மிஞ்சும். அது 0 ஆக இருக்க முடியுமா?

மகள் முதலில் 10இல் 9, 8இல் 7 என்று சோடி சோடியாகக் கழித்தாள். ஐந்து 1கள் வந்தன. அவற்றில் நான்கைச் சோடியாகக் கழித்து 0 ஆக்கினாள், கடைசியில் 1 நின்றது. வேறு விதமாகப் போனாள், 3 வந்தது. அப்புறம் 5. பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் விடை தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். நானும் ஒரு தாளை எடுத்து அடிக்கத் தொடங்கினேன், எனக்கும் 0 வரவில்லை. "பத்து எண் கூடிப்போச்சு, குறைச்சுப் பார்ப்போமா?" என்று மட்டும் கேட்டேன்.

4 வரை எழுதினால் 0 வந்தது. 3 வரைக்கும் வந்தது. 5க்கு வரவில்லை, 6க்கும் வரவில்லை. 7க்கும் 8க்கும் வந்தது. "அம்மா, ரெண்டு முடியுது, ரெண்டு முடியல, திரும்ப ரெண்டு முடியுது!" என்றாள். ஏன் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஓடி வந்தாள். "சொல்லிடாதீங்க, நானே சொல்றேன். எல்லாத்தையும் கூட்டினா 55, ஒற்றை எண். ரெண்டு எண்ணை எடுத்துட்டு வித்தியாசத்தைப் போட்டா கூட்டுத்தொகை குறையும், ஆனா இரட்டை எண்ணாலதான் குறையும். அப்ப கடைசி வரைக்கும் ஒற்றைதான். 0 எப்படி வரும்?"

ஸூம் வகுப்பில் இதே கேள்விக்கு இரண்டு நிமிடம் போயிருக்கும். "கூட்டுத்தொகையின் ஒற்றை இரட்டையைப் பாருங்கள்" என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும். சின்ன எண்ணை வைத்துப் பார்ப்பது, கோலம் தெரிகிறதா என்று தேடுவது, மாறாமல் நிற்பது எது என்று கேட்பது என்னும் மூன்று பழக்கங்களை அந்த ஒரு வரி கொடுத்திருக்காது. என் அறியாமை அவளுக்கு உதவியாகத்தான் இருந்தது. பெற்றோர் விடை தெரிந்தவராக நடிக்க வேண்டியதில்லை. விடைப்பக்கத்தை மூடி வைத்துவிட்டு, கூட உட்கார்ந்து உண்மையாகவே முயன்றால் போதும்.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எண் கோட்பாட்டில் கொஞ்சம் ஆழமாகப் போனதும் நானும் அவளும் சேர்ந்தே சேற்றில் நின்றோம். எழுதிய நிறுவல் சரியா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டும். அதற்கு, உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த ஒருவரை மாதத்தில் ஓரிரு முறை பிடித்தால் சரி. புதிய பாடம் எடுக்க வேண்டாம், பிள்ளை எழுதியதை மட்டும் வாசித்துச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆர்ட் ஒஃப் ப்ரொப்ளம் சொல்விங் தளத்தில் அல்குமஸ் என்ற பயிற்சி இலவசம், பிள்ளையின் தரத்துக்கு ஏற்பக் கேள்வி கூடும் குறையும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்குக் கேள்வியை நாம் வாயால் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும்விட நல்லது இன்னொரு பிள்ளை. தலவாக்கலையில் இருந்தாலும் சரி, பதுளையில் இருந்தாலும் சரி, கிழமைக்கு ஒரு கேள்வியை இரண்டு பேரும் போனில் பேசித் திணறட்டும். வயது ஒத்துவர வேண்டிய அவசியமும் இல்லை.

எந்தப் போட்டி என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவின் ஏஎம்சி 8 (எட்டாம் வகுப்பு வரையிலானவர்களுக்கான கணிதப் போட்டி) என்பதில் 40 நிமிடத்தில் 25 கேள்விகள், அதாவது கேள்விக்கு 96 செக்கன். சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் ஒரு நாளைக்கு நாலரை மணித்தியாலம், மூன்றே கேள்விகள், அதாவது கேள்விக்கு 90 நிமிடம். இரண்டையும் கணிதப் போட்டி என்றுதான் சொல்கிறோம், ஆனால் கேட்கும் குணம் வேறு வேறு. ஒன்றில் புள்ளி குறைந்ததை வைத்து மற்றதற்கும் லாயக்கில்லை என்று பிள்ளை நினைத்தால் உடனே இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒலிம்பியாட்டில் இரண்டு நாளும் சேர்த்து ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி, மொத்தம் 42. பதக்கம் கிடைக்காவிட்டாலும் ஒரு கேள்வியை முழுதாகச் செய்து 7 எடுத்தவருக்குச் சிறப்புக் குறிப்பு உண்டு, 1988இலிருந்து கொடுக்கிறார்கள். ஆறில் ஒன்று! எல்லாக் கணக்கும் சரிவர வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

வேகப் போட்டிகளை ஒதுக்கவும் தேவையில்லை. தெரியாத கேள்வியைச் சும்மா விடுவதும் ஒரு திறமை என்பதை அவை கற்றுக்கொடுக்கும். பத்தாம் வகுப்பு வரையிலானவர்களுக்கான ஏஎம்சி 10இல் சரியான விடைக்கு 6, வெறுமனே விட்டால் 1.5, பிழைக்கு 0. ஐந்து தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டால் சராசரியாக 1.2தான் வரும். விடுவதே லாபம். இதை மகளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு தெரியாத கேள்வியைப் பார்த்தால் அவளுக்குக் கை நடுங்குவதில்லை.

எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும் ஒழுங்கு இது: 14 வயது வரைக்கும் வீட்டு மேசையும் ஒரு கூட்டாளியும், நிறுவல் பார்க்க ஓர் ஆள். சாதாரண தரம் நெருங்கும்போது டியூஷன், ஏனென்றால் கட்டாயக் கல்வி வயது 16 வரை, அந்தப் பரீட்சையில் கணிதம் முக்கிய பாடங்களில் ஒன்று. ஸூம் வகுப்பு பிள்ளையே கேட்டால் மட்டும். விண்ணப்ப வேலையைப் பிந்த விடாதீர்கள். பல போட்டிகளுக்குப் பெயர் பாடசாலை வழியாகத்தான் போகும். வீட்டில் படிக்கும் பிள்ளையை ஏற்பார்களா, எந்த நிலையத்தில் எழுதலாம், தமிழில் வினாத்தாள் உண்டா என்ற மூன்றையும் ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பதில் வந்தபிறகு பிள்ளையிடம் போட்டியின் பெயரைச் சொல்லுங்கள்.