144 ஹெர்ட்ஸ் மானிட்டர்: நெடுநாள் பயன்பாட்டில் கேபிள் படுத்தும் பாடு

27 அங்குலம், 2560×1440 (1440p), 144 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை. இந்த ரக மானிட்டரில் பேனல் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. தகராறெல்லாம் கேபிளில்தான்.

மாட்டியதும் விண்டோஸ் 11 செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே வரை போய்ப் பாருங்கள். ரெஃப்ரெஷ் ரேட் என்ற இந்த ஹெர்ட்ஸ் கணக்கு பெரும்பாலும் 60-இலேயே நிற்கும். நாமாக மாற்றினால்தான் உண்டு. பட்டியலில் 144 இல்லவே இல்லையென்றால், கேபிள் கிராபிக்ஸ் கார்டுக்குப் பதில் மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட், 144-இல் 6.9. கேம் ஆடாதவருக்கும் பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போதே இது தெரியும். அங்கிருந்து 240-க்குப் போனால் மிச்சமாவது 2.8 மில்லிசெகண்ட்தான். போட்டி கேம் ஆடாதவர் அதற்குக் காசு போடுவது வீண்.

இப்போது எச்.டி.எம்.ஐ. 2.0 பதிப்புக்கு வினாடிக்கு 18 கிகாபிட் என்பார்கள். குறியாக்கத்துக்குப் போக படத்துக்குக் கிடைப்பது 14.4. 1440p, 144 ஹெர்ட்ஸ், 8 பிட் நிறத்துக்கே (ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 நிலை) சுமார் 14 தேவை, மயிரிழையில் தப்பிக்கிறது. 10 பிட் கேட்டால் இடம் போதாது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் நிறத் தகவலைக் குறைத்து 4:2:2 என்ற முறைக்கு இறங்கிவிடலாம். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைத் திறந்து பாருங்கள், ஓரம் கரைந்து கிடக்கும். அதே அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் கலர் ஃபார்மட் என்ற வரியில் ஆர்.ஜி.பி. (நிறத்தைக் குறைக்காத வடிவம்) என்று இருக்க வேண்டும். சில மானிட்டர்களில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டே 144-க்குக் குறைவாகத்தான் தரும்; கையேட்டில் போட்டிருப்பார்கள்.

மற்றோர் இணைப்பு வகையான டிஸ்பிளேபோர்ட் 1.4-இல் 25.92 கிகாபிட் கிடைப்பதால் இந்த இழுபறி இல்லை. 4கே (3840×2160) 144 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அதுவும் பற்றாது, டி.எஸ்.சி. என்ற படச் சுருக்க முறை வேண்டும்.

திரை ஒரு நொடி கறுத்து மீள்கிறதா? ரெஃப்ரெஷ் ரேட்டை 120-க்கு இறக்குங்கள். நின்றுவிட்டால் கேபிள்மீதுதான் முதல் சந்தேகம். டிஸ்பிளேபோர்ட் கேபிள் 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. மலிவான கேபிள்களில் இன்னொரு வில்லங்கம், 20-ஆம் பின். தரநிலைப்படி இரு முனைகளுக்கும் நடுவே அது இணைந்திருக்கக் கூடாது. இணைத்துவிட்டால் மானிட்டரின் 3.3 வோல்ட் கார்டுக்குள் ஏறி, பிசி பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். கேபிளைக் கழற்றியதும் பூட் ஆனால் அதைத் தூக்கிப்போடுங்கள். கழற்றும்போது முனையிலுள்ள கொக்கியை அழுத்தியபடி இழுக்க வேண்டும், இல்லையேல் போர்ட் போய்விடும்.

எச்.டி.எம்.ஐ. 2.1-க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' முத்திரையும் ஸ்கேன் செய்யும் க்யூ.ஆர். ஸ்டிக்கரும் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கேபிளில் '8கே' என்று அச்சடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அடாப்டர் வாங்குவோர் திசையைக் கவனிக்கவும். கார்டின் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்.டி.எம்.ஐ.-க்குப் போகும் சாதா அடாப்டர் மலிவு. எதிர்த்திசையில் அது வேலை செய்யாது. தனி மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டர்தான் வேண்டும், அதிலும் 144 கிடைக்குமா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.