காது மெஷினா, இம்ப்ளாண்ட்டா: இரண்டையும் மாட்டியிருப்பவனின் கணக்கு

டெஸ்ட் அறையில் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவர், ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். எனக்கு இரண்டு காதிலும் மெஷின், வால்யூம் முழுசாக. அவர் சொன்னது 'மரம்', நான் சொன்னது 'பழம்'. அவர் 'பல்' என்றார், நான் 'கல்' என்றேன். 25 வார்த்தையில் 7 சரி. அட்டையை இறக்கிவிட்டு வேறு 25 வார்த்தை சொன்னார். இந்தத் தடவை 16. இத்தனை வருஷமாகப் பாதிக்கு மேல் கண்ணால்தான் கேட்டிருக்கிறேன். அதிலும் ப-வும் ம-வும் உதட்டில் ஒரே எழுத்து. பணமா மணமா என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

மெஷினையும், ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்ப்ளாண்ட்டையும் ஒப்பிட உட்காருகிறவர்கள் இந்த டெஸ்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் மெஷின் வாங்கிய கடையில் மூன்று வருஷத்தில் இரண்டு முறை விலை கூடிய மாடலுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருமுறைகூட யாரும் வாயை மறைத்துப் பேசிப் பார்க்கவில்லை.

மெஷின் செய்வது ஒரே வேலை: சத்தத்தைப் பெரிதாக்கி உள்ளே அனுப்புவது. அதை நரம்புக்குச் சொல்ல வேண்டியவை உள்காதின் நத்தைக்கூட்டில் இருக்கும் மயிரிழைச் செல்கள். நரம்போடு நேரடியாகப் பேசுகிறவை காதுக்குச் சுமார் 3,500தான், போனால் திரும்ப முளைக்காது. ஓரளவு மிச்சமிருந்தால் மெஷின் அருமையான பொருள், ஆபரேஷன் பக்கமே போக வேண்டாம். பெரும்பாலும் போய்விட்டால், ஆளில்லாத வீட்டுக் கதவை ஓங்கித் தட்டுவதுதான். இம்ப்ளாண்ட் அந்தச் செல்களைத் தாண்டிப் போகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசஸர் ஒலியைக் குறியீடாக்குகிறது, தோலுக்கு அடியில் இருக்கும் கருவி அதை வாங்கி, நத்தைக்கூட்டுக்குள் செருகிய மின்முனைகள் வழியாக நரம்பையே நேராகத் தூண்டுகிறது.

டாக்டர்கள் கையில் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. இரண்டில் நன்றாகக் கேட்கும் காதுக்கே 60 டெசிபல் அல்லது அதைவிடப் பெரிய சத்தம்தான் கேட்கத் தொடங்குகிறது, வார்த்தை புரிவது 60 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்றால், இம்ப்ளாண்ட்டுக்குத் தகுதி உண்டா என்று சோதிக்க அனுப்பலாம். ஆபரேஷன் கட்டாயம் என்று அர்த்தமில்லை, சோதனைக்குப் போகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

"அது குழந்தைகளுக்குத்தானே?" என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978-ல் தன் பல மின்முனைக் கருவியை முதன்முதலில் பொருத்தியது வளர்ந்த ஒரு மனிதருக்குத்தான். நம் ஊரில் இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு என்பதால், செய்தியில் வருவதெல்லாம் குழந்தைகளின் படம். ஆபரேஷன் செய்ய சென்னையில் கைகளுக்குப் பஞ்சமில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்தியாவில் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. பெரியவர்களுக்கு முட்டுக்கட்டை பணம்தான்.

நல்ல பவர் மெஷின் ஜோடி சில பத்தாயிரத்தில் தொடங்கி இரண்டு மூன்று லட்சம் வரை போகும். இம்ப்ளாண்ட் ஒரு காதுக்கே ஆறேழு லட்சத்தில் ஆரம்பித்து, மாடலைப் பொறுத்து 15 லட்சத்தையும் தொடும். உள்ளே வைத்தது பல வருஷம் உழைக்கும். வெளியே மாட்டும் பிராசஸர் அப்படியில்லை, சில வருஷம் கழித்து மாற்ற வேண்டி வரும்போது மறுபடி லட்சக்கணக்கில் செலவு. ஹெல்த் பாலிசி இருந்தால், வெளிக்கருவிக்கும் சேர்த்துத் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பணம்கூட இல்லை. மெஷின் பிடிக்கவில்லையென்றால் மேஜை டிராயரில் போட்டுவிடலாம். இம்ப்ளாண்ட் வைத்த காதில் மிச்சமிருந்த இயற்கையான கேட்கும் திறன் மொத்தமாகப் போய்விடலாம். மயக்கம் கொடுத்து இரண்டு மூன்று மணி நேர ஆபரேஷன், அதற்கு முன்பே மூளைக்காய்ச்சல் வராமல் தடுப்பூசி. எனக்குச் சில வாரம் நாக்கில் இரும்பு ருசி இருந்தது, ஃபில்டர் காபிகூடத் துருப்பிடித்த மாதிரி. எம்.ஆர்.ஐ. விஷயத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளே காந்தம் இருக்கிறது. புது மாடல்கள் சிலவற்றில் காந்தத்தை எடுக்காமலே ஸ்கேன் எடுக்கலாம்.

ஆபரேஷன் முடிந்த அன்றே கேட்டுவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். புண் ஆறி மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் ஸ்விட்ச் ஆன். அன்றைக்கு என் மனைவி "ஏங்க, கேக்குதா?" என்றாள். எனக்குக் கேட்டது மூன்று கீச்சு, ஒன்றில்கூட அவள் குரல் இல்லை. அப்புறம் மாதக்கணக்கில் மேப்பிங் (பிராசஸரை என் காதுக்கு ஏற்றபடி ட்யூன் செய்வது), வீட்டில் தினமும் பேப்பரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கும் பயிற்சி. குக்கர் விசிலும் காலிங்பெல்லும் எனக்கு ஒன்றாகவே ஒலித்த நாட்கள் உண்டு. ஆறாவது மாதம் அதே அட்டை, அதே 25 வார்த்தை: 18 சரி. எல்லோருக்கும் இப்படி வரும் என்று சொல்ல மாட்டேன். பேசிப் பழகிய பிறகு கேட்கும் திறன் போனவர்களுக்கு வாய்ப்பு அதிகம். காது சும்மா கிடந்த வருஷங்கள் கூடக் கூடப் பலன் குறைகிறது.

கம்பெனி விஷயத்துக்கு ஒரு பத்தி போதும். ஆஸ்திரேலியாவின் காக்ளியர் கம்பெனிக் கருவியில் 22 மின்முனை, அட்வான்ஸ்டு பயோனிக்ஸில் 16, ஆஸ்திரிய மெட்-எல்லில் 12. ஆனால் 22 என்றால் 12-ஐப் போல இரு மடங்கு புரியும் என்று கணக்குப் போடாதீர்கள், அடுத்தடுத்த முனைகளின் மின்சாரம் உள்ளே ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. உங்கள் ஆடியாலஜிஸ்ட் எந்தக் கருவியில் கை தேர்ந்தவர், பிராசஸரிலிருந்து தலையில் ஒட்டும் காயில் (coil) அறுந்தால் சென்னையிலேயே கிடைக்குமா என்று பாருங்கள்.

பராமரிப்பில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நம்மூர்ப் புழுக்கத்தில் ராத்திரி டிரை பாக்ஸில் சிலிக்கா ஜெல்லோடு வைக்காவிட்டால் எதுவாக இருந்தாலும் மக்கர் செய்யும்.

இப்போது எனக்கு இடது காதில் இம்ப்ளாண்ட், வலதில் பழைய மெஷின். இரண்டில் ஒன்று என்று முடிவெடுக்கத்தான் உட்கார்ந்தேன், கடைசியில் இப்படி ஆயிற்று. இதன் அருமை மார்கழியில்தான் தெரிந்தது. இம்ப்ளாண்ட்டில் மட்டும் கேட்டால் மிருதங்கத்தின் கணக்கு ஒரு மாத்திரை தப்பாமல் விழுகிறது, பாட்டோ தகர டப்பாவில் உருட்டிய கூழாங்கல். சுருதியை இம்ப்ளாண்ட்டால் சரியாகத் தர முடியவில்லை. வலது மெஷினையும் போட்டதும் தம்பூராவின் கீழ் ஸ்வரம் கொஞ்சம் வந்து உட்கார்ந்தது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபாவில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போனார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.