மால் டூரில் கேம் கன்சோல் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் கருவிதான் கேம் கன்சோல். அதை விளையாடிப் பார்க்கக் கொடுக்க நிறுவனம் ஊர் ஊராக மேடை போடும் டூர் சென்னை மால்களுக்கு வரும்போது பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். வரிசையில் நின்று விளையாடட்டும், போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் மேடைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் மேசையில் மட்டும் பணம் கட்டாதீர்கள். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்பார்கள், உங்கள் பையன் போட்டியில் ஜெயித்துவிட்டான் என்பார்கள், முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும் என்பார்கள். எதற்கும் கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் 50,000 ரூபாய் போயிருக்கிறது. அது என் கணவருக்கு வந்த தீபாவளி போனஸும் நான் சீட்டுக் கட்டி எடுத்ததும் சேர்ந்த பணம்.

மாலின் பெயரையும் கன்சோலின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம், அது நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, எங்களுக்கு நடந்தது வேளச்சேரியில் நடக்கலாம், வடபழனியில் நடக்கலாம், அண்ணா நகரில் நடக்கலாம். பெயரைப் பார்த்து "அந்த மால்தானே, நாம் அங்கே போவதில்லையே" என்று யாரும் நிம்மதியாகிவிடக் கூடாது.

பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் கன்சோல் வாங்கித் தருகிறேன் என்று பையனிடம் அவன் அப்பா சொல்லியிருந்தார். பையன் எடுத்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் மாலில் டூர் வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். நடுக்கூடத்தில் பெரிய மேடை, எல்இடி திரை, காதைப் பிளக்கும் பாட்டு. உள்ளே நுழையும்போதே க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணிப் பதிவு செய்யச் சொன்னார்கள். பெயர், போன் நம்பர், பிள்ளையின் வயது, படிக்கும் பள்ளி எல்லாம் கேட்டார்கள். விளையாட்டுக்கு வரிசை எண் கொடுக்க பள்ளியின் பெயர் எதற்கு என்று நான் கேட்டேன். "ஃபார்மாலிட்டிதான் மேடம்" என்றார் அந்தப் பெண். அடுத்த வாரத்திலிருந்து டியூஷன் சென்டர், கோடிங் வகுப்பு, பர்சனல் லோன் என்று அந்த நம்பருக்கு இன்று வரை அழைப்பு வருகிறது.

விளையாடக் கொடுத்து ஆசையைக் கிளப்புவது இந்தத் தொழிலில் பழைய வழிதான். 1990-இல் நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் 29 நகரங்களுக்குப் போட்டி மேடையைக் கொண்டுபோயிருக்கிறது. அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கையில் பிடித்துப் பார்க்காமல் இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? கார் ரேஸ் ஒன்றில் யார் குறைந்த நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறார்கள் என்பது போட்டி. பையன் இறங்கி வந்ததும் டி-ஷர்ட் போட்ட ஒரு தம்பி ஓடி வந்தான். "மேடம், பையன் செம டைமிங். இன்னைக்கு டாப் இவன்தான்!" என்று மைக்கிலும் பெயரைச் சொன்னார்கள். என் பையன் முகத்தை நான் சொல்லவே வேண்டாம்.

பரிசு என்று பலகையில் கன்சோலின் படம் போட்டிருந்தது. கிடைத்ததோ ஒரு அட்டை. "58,000 ரூபாய் பண்டில், வின்னருக்கு 8,000 தள்ளுபடி. கன்சோல், ரெண்டு கன்ட்ரோலர், மூணு கேம். ஆனா இன்னைக்கே எடுக்கணும் மேடம். நாளைக்கு நாங்க கோயம்புத்தூர்ல இருப்போம்."

அந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள். டூர் என்பதன் பொருளே நாளைக்கு அவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள் என்பதுதான்.

ஸ்டாக் முடிந்துவிடும் என்று சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகள் ஏன் துடிக்கிறார்கள் என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5 என்ற கன்சோல் இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. அப்புறம் வெகுநாள் வெளியில் கூடுதல் விலை சொன்னவர்களிடம்தான் கிடைத்தது. கேம் ஆடும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். "அம்மா, ப்ளீஸ்மா, இப்ப விட்டா கிடைக்காதும்மா" என்று என் பையன் கெஞ்சியது நடிப்பு இல்லை. அந்தப் பயத்தைத்தான் அந்த மேசையில் காசாக்குகிறார்கள்.

பணத்தை யுபிஐயில் கட்டச் சொன்னார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் கன்சோல் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபர் பெயர் வந்தது. என் கணவர் கேட்டார். "அவர் எங்க ஸ்டோர் மேனேஜர் சார், டூர்ல கம்பெனி அக்கவுண்ட் வர்றதுக்கு லேட் ஆகும்" என்றார்கள். கொடுத்த காகிதத்தில் கன்சோலின் லோகோ பெரிதாக இருந்தது, கீழே 'புக்கிங் ஸ்லிப்' என்று எழுதியிருந்தது. பில் கேட்டோம். டெலிவரியோடு வரும் என்றார்கள். மால் வாசலில் செக்யூரிட்டி ஒவ்வொருவர் பையையும் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார். அப்படிப்பட்ட இடத்தின் நட்டநடுவில் மேடை போட்டு விற்கிறவரை யாரோ விசாரித்துத்தான் உட்கார வைத்திருப்பார்கள் என்று எவருக்கும் தோன்றும். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

சொன்ன தேதியில் பெட்டி வரவில்லை. பல தடவை போன் செய்த பிறகு ஒருநாள் பைக்கில் ஒரு பையன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டான். பில் இல்லை. சீல் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கர் கிடையாது, இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் கிடையாது. இந்தியாவில் முறையாக விற்கிற எந்த இறக்குமதிப் பொருளின் பெட்டியிலும் இவை இருந்தாக வேண்டும். பவர் கேபிளில் நம் ஊர் சாக்கெட்டில் நுழையாத தட்டைப் பின், கூடவே ஒரு மலிவான கன்வெர்ட்டர். பெட்டியின் மேல் இருந்த சீரியல் நம்பரும் கருவியின் பின்னால் இருந்த சீரியல் நம்பரும் வேறு வேறு.

வீடியோ கேம் கருவிகளுக்கு பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். 2012-இல் வந்த ஆணையின் முதல் பட்டியலிலேயே அவை இருக்கின்றன. முறையாக வந்த கருவியின் லேபிளில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும், எங்களுடையதில் இல்லை. சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு, இது இந்தியாவில் விற்ற கருவியே இல்லை, வாரண்டி கிடையாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இதையாவது சகித்துக்கொள்ளலாம். கருவி ஓடியது, பையன் விளையாடினான். கேம் விஷயம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. மூன்று கேம் என்றார்களே, ஒன்றுக்குக்கூட டிஸ்க் இல்லை. முன்பே இன்ஸ்டால் செய்து கொடுத்திருந்தார்கள். சில வாரம் கழித்து மூன்றிலும் பூட்டுப் படம் விழுந்தது, திறக்கவில்லை. பையன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். டிஜிட்டலாக வாங்கும் கேம், வாங்கியவரின் அக்கவுண்ட்டோடு கட்டப்பட்டது. யாரோ ஒருவர் தன் அக்கவுண்ட்டில் ஒரு கேம் வாங்கி, அதைப் பலருடைய கருவிகளில் ஏற்றிக் காசு பார்க்கிறார். பிறகு நம் கருவியை அவர் அக்கவுண்ட்டிலிருந்து நீக்கிவிட்டால் நம்மிடம் இருப்பது வெறும் படம்தான். புதுக் கருவி வாங்கும்போது கேமும் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், டிஸ்க்காகக் கொடுங்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால் கேமுக்கான கோட் நம்பரைக் கையில் வாங்கி உங்கள் சொந்த அக்கவுண்ட்டில் நீங்களே போடுங்கள். இன்ஸ்டால் செய்தே தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பள்ளியின் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். இன்னொரு பையனின் அம்மா உடனே கூப்பிட்டார். அவர் மகனும் அதே நாளில் 'டாப்'. பெயரை மைக்கில் சொல்லியிருக்கிறார்கள், அதே 8,000 ரூபாய் அட்டை. அப்புறம் ஒரு பெண் குழந்தையின் அப்பா, அவர் மகளும் டாப். அந்தக் குழந்தைகள் எல்லோரும் வீட்டுக்கு வந்து தாத்தா பாட்டியிடம் ஜெயித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பணத்தைவிட இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

யாரிடம் கேட்பது? மால் நிர்வாகத்திடம் போனோம். நாங்கள் நடுக்கூடத்தை நாள் வாடகைக்கு விடுகிறோம், அவர்கள் வியாபாரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கன்சோல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில், டூர் எங்களுடையதுதான், ஆனால் அது விளையாடிப் பார்ப்பதற்கு மட்டும். அங்கே நடந்த விற்பனை எங்களுடையது இல்லை என்றார்கள். நாங்கள் அன்றைக்குப் பார்த்தது ஒரு கூட்டம். உண்மையில் அங்கே நான்கு தரப்பு இருந்திருக்கிறது. நிறுவனம் ஒரு ஈவென்ட் ஏஜென்சியிடம் வேலையைக் கொடுக்கிறது, ஏஜென்சி மாலிடம் இடம் பிடிக்கிறது, பக்கத்தில் விற்பனை மேசை போட ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறது. எல்லோரும் போட்டிருந்தது ஒரே நிற டி-ஷர்ட். எது யார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

வங்கியில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் என்றார்கள். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் சொன்னோம், பணம் போனவுடனேயே சொல்லியிருந்தால்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கோ பணம் கட்டிப் பல வாரம் கழித்துத்தான் ஏமாற்றமே தெரிந்தது.

உருப்படியாக உதவியது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வக்கீல் அக்கா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2(47) பிரிவை எடுத்துப் படித்துக் காட்டினார். பரிசு தருவதாகச் சொல்லிக் கொடுக்காமல் விடுவது, விற்ற பொருளுக்கு பில் தராதது, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களை அடுத்தவருக்குக் கொடுப்பது எல்லாமே அதில் முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் திரும்ப எடுக்க 30 நாள் என்றும் இருக்கிறது. பில்லே தரவில்லை, இனி நம்மால் என்ன செய்ய முடியும் என்று நாங்கள் சோர்ந்திருந்தோம். "பில் தராததுதான் அவங்க மேல முதல் குற்றச்சாட்டு" என்றார் அக்கா.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம், தமிழிலேயே பேசலாம். அதில் பதில் வராததால் வக்கீல் நோட்டீஸ், அதன் பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. விற்றவர் கோயம்புத்தூர் போனாலும் டெல்லி போனாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவேற்றவும் முடியும். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஏஜென்சியின் பெயரை எப்படிப் பிடித்தோம் தெரியுமா? பையன் மேடை முன்னால் எடுத்த போட்டோவில், பேனரின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. அதை வைத்து அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணைத் தேடி எடுத்து நோட்டீஸ் அனுப்பினோம். அதனால் அங்கே போகிறவர்கள் பேனரை முழுசாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் அதே மாலில் நிரந்தரமாக இருக்கும் கடைக்குப் போங்கள், இல்லை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பில் போட்டுக் கொடுக்கும் கடைக்குப் போங்கள். அங்கே திங்கட்கிழமையும் ஷட்டர் திறந்திருக்கும். பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால் தமிழ்நாட்டில் பதிவான கடை. அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடையின் பெயர் வந்துவிடும். பில்லில் சீரியல் நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள், பெட்டியைக் கடையிலேயே திறந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கும்.

எங்கள் மனுவில் பணம் வாங்கியவர், ஏஜென்சி, கன்சோல் நிறுவனம் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்திருக்கிறோம். ஏஜென்சி மட்டும் பாதிப் பணம் தருகிறோம், மனுவைத் திரும்ப வாங்குங்கள் என்று தூது விட்டது. முழுப் பணமும், குழந்தைகளின் விவரங்களை யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பதிலும் வராமல் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து மனு போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய அந்த வார இறுதியில், சென்னை மால் ஒன்றில், கார் ரேஸில் உங்கள் பிள்ளை 'டாப்' என்று சொல்லி 8,000 ரூபாய் அட்டை கொடுத்திருந்தால், அந்த அட்டையையும் ஸ்லிப்பையும் யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். வக்கீல் அக்கா பெயர்ப்பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறார்.