விளக்கு அணைந்தது, ரிப்பேர் நடக்கவில்லை: ஆக்டிவ் பானட் உள்ள கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். 1,900 வெள்ளி போனது ஒரு பக்கம். சாலையில் நடந்து போகிறவரின் தலையைக் காப்பாற்ற வேண்டிய ஒரு அமைப்பைச் செயலிழக்க வைத்துவிட்டு, "எல்லாம் ஓகே" என்று சாவியைக் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

என்னுடையது வாரண்டி முடிந்த ஒரு ஐரோப்பிய கார். அதில் ஆக்டிவ் பானட் இருக்கிறது, அதாவது நடந்து போகிறவர் மேல் கார் மோதினால் தானாக உயரும் பானட். முன் பம்பருக்குள் சென்சார்கள் இருக்கும். சில கார்களில் பம்பரின் அகலம் முழுக்க ஒரு மெல்லிய குழாய் ஓடும், அதன் இரு முனைகளிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். ஒருவரின் கால் மோதினால் குழாய் நசுங்கி அழுத்தம் மாறும். கண்ட்ரோல் யூனிட் அதையும் காரின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்துக் கண் இமைப்பதற்குள் முடிவெடுக்கும். உடனே பானட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அருகே உள்ள இரண்டு ஆக்சுவேட்டர்களில் இருக்கும் சிறிதளவு வெடிமருந்து வெடித்து, பானட்டைச் சில சென்டிமீட்டர் உயர்த்தும். பானட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே அந்த இடைவெளி கிடைத்தால், விழுகிறவரின் தலை இரும்பில் மோதாமல் வளைந்து கொடுக்கும் தகட்டில் மோதும். பல கார்களில் இது ஏறக்குறைய 25 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊரில் புளோக்குகளுக்கு நடுவே, சந்தைக்கு முன்னால், முதியவர்கள் கடக்கும் சில்வர் ஸோன்களில் நாம் ஓட்டுவது இந்த வேகத்தில்தான்.

அடைமழைக் காலத்தில் ஒரு நாள், பாதசாரிப் பாதுகாப்பு அமைப்பில் கோளாறு என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தது. அந்த ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தார்கள். வலது ஆக்சுவேட்டர் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம் என்று கோளாறுக் கோடு (code) காட்டியது. "ஆக்சுவேட்டர் போச்சு, மாத்தணும்" என்றார்கள். வேறு எதையும் அளந்து பார்க்கவில்லை. மறுநாள் எச்சரிக்கை இல்லை. பில்லில் புது ஆக்சுவேட்டர், கூலி, கோடிங் எல்லாம் இருந்தது. பழைய பாகத்தைக் கேட்டேன். "வெடிமருந்து சாமான் சார், அப்பவே டிஸ்போஸ் பண்ணிட்டோம்" என்றார்கள்.

அப்புறம் வைப்பர் மோட்டார் மக்கர் செய்ததால் சின் மிங்கில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். நம்மவர், வயதில் மூத்தவர். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது யார் செஞ்ச வேலை?"

ஆக்சுவேட்டருக்குப் போகும் வயரை வெட்டி, இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டரை (மின்தடை தரும் பாகம்) சொருகிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். ஆக்சுவேட்டர் எந்த இணைப்பும் இல்லாமல் அதே இடத்தில் இருந்தது. அதன் லேபிளில் தயாரிப்புத் தேதி என் காரின் வயதைச் சொன்னது. கம்பெனியில் போல்ட் மேல் வைத்த பெயிண்ட் குறிகூடக் கலையவில்லை.

இந்தத் தந்திரம் எப்படிப் பலிக்கிறது என்பதை அவர்தான் விளக்கினார். கண்ட்ரோல் யூனிட் அந்தச் சர்க்யூட்டில் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி ரெசிஸ்டன்ஸ் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்கும். பொதுவாக இரண்டு ஓம் அளவில் இருக்க வேண்டும். அதே அளவு ரெசிஸ்டரை வைத்தால் எல்லாம் நன்றாக இருப்பதாக அது நம்பிவிடும், எச்சரிக்கை வராது. யார் மேலாவது மோதினால் அந்தப் பக்கம் பானட் எழும்பாது. ஆக்சுவேட்டருக்குப் பதிலாக ரெசிஸ்டரை மாட்டிப் பார்ப்பது கோளாறைக் கண்டுபிடிக்க முறைப்படி செய்யும் சோதனைதான். எச்சரிக்கை போய்விட்டால் தவறு ஆக்சுவேட்டரில், போகாவிட்டால் வயரிலோ கனெக்டரிலோ யூனிட்டிலோ. சோதனை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். வயரை வெட்டி உள்ளேயே விட்டுவைப்பது அயோக்கியத்தனம்.

உண்மையான கோளாறு கனெக்டரில். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் பொடி இலைகள் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலை அடைத்து, மழைநீர் தேங்கி, வெட்டிப் போடப்பட்ட கனெக்டரின் பின்கள் பச்சை பிடித்திருந்தன. அவர் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து, ரெசிஸ்டரை எடுத்துவிட்டுப் புதுக் கனெக்டரும் வயரும் போட்டார். ஆக்சுவேட்டரைச் சாதாரண மல்டிமீட்டரால் தொடவே இல்லை, மீட்டரின் மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம் என்றார். வடிகாலையும் சுத்தம் செய்து, கோடு திரும்பவில்லை என்று ஸ்கேனரில் காட்டினார். இதற்கு மட்டும் 220 வெள்ளி.

ஆகவே இந்த எச்சரிக்கை வந்தால், ஸ்கேன் ரிப்போர்ட்டை ரிப்பேருக்கு முன்னும் பின்னும் கையில் வாங்குங்கள். கோடு எந்தச் சர்க்யூட்டில் பிரச்சினை என்றுதான் சொல்லும், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. கனெக்டரைப் பார்த்தீர்களா, என்ன அளந்தீர்கள் என்று கேளுங்கள். பழைய ஆக்சுவேட்டரைத் தர முடியாது என்றால் பழையதும் புதியதுமாக இரண்டு லேபிள்களையும் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள், அதற்கு எந்தத் தடையும் இல்லை. கார்பார்க்கில் இடித்துப் பம்பரைக் கழற்றி மாட்டியவர்கள், சென்சார் குழாய் பழையபடி அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

தேவையில்லாத பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வது சிங்கப்பூர்ச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் செய்யலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், இரண்டு ஆண்டுகளுக்குள் இணையம் வழியாகவே மனு போடலாம். வயரைத் தொடுவதற்கு முன்பே எடுத்த போட்டோக்களும், வெட்டி எடுத்த அந்தத் துண்டும், மெக்கானிக் எழுதிக் கொடுத்த விவரமும் என் மனுவோடு இருக்கின்றன. உங்கள் காரில் இப்படி ஏதாவது தென்பட்டால் உடனே பிரித்துச் சரிசெய்யச் சொல்லாதீர்கள், முதலில் தேதியோடு போட்டோ எடுங்கள்.