600 கிலோவா, ஸ்டால் வேகமா? லைட் ஸ்போர்ட் விமானங்களின் எடை வரம்பு ஓர் ஒப்பீடு

லைட் ஸ்போர்ட் விமானம், அதாவது பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்குமான சிறிய இலகுரக விமானம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் எண் 600 கிலோ. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 2004-ஆம் ஆண்டில் இந்த வகையை உருவாக்கியபோது தரை விமானத்துக்கு 1,320 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 600 கிலோ என்றும், நீரில் இறங்கி எழும் விமானத்துக்கு 1,430 பவுண்டு, அதாவது 650 கிலோ என்றும் வரம்பு விதித்தது. ஐரோப்பாவின் அல்ட்ராலைட் (மிக இலகுரக விமான) விதிகளோ இரண்டு இருக்கைத் தரை விமானத்தை நெடுங்காலம் 450 கிலோவிலும், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் பொருத்தியிருந்தால் 472.5 கிலோவிலும் நிறுத்தி வைத்திருந்தன. 2025 ஜூலையில் எஃப்ஏஏ அறிவித்த மொசைக் விதிகள் எடை என்ற அளவுகோலையே ஒதுக்கிவிட்டு ஸ்டால் வேகத்தை, அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த வேகத்தைக் கையில் எடுத்தன.

இவற்றை ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன எண்கள் அனைத்தும் அதிகபட்சப் புறப்பாட்டு எடையைக் குறிப்பவை. விமானம், ஆட்கள், எரிபொருள், பெட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். விமானியின் கைக்கு வருவது வெற்று எடையைக் கழித்தபின் மிஞ்சும் பயன் சுமைதான். வெற்று எடை 380 கிலோ உள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 600 கிலோ வரம்பில் மிஞ்சுவது 220 கிலோ. தலைக்கு 85 கிலோவாக இருவரும் 10 கிலோ பையும் ஏறிவிட்டால் பெட்ரோலுக்கு 40 கிலோ, ஏறத்தாழ 55 லிட்டர் இருக்கும். மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு அது இரண்டே முக்கால் மணி நேரம். அவசரத்துக்கான எரிபொருள் கையிருப்பை ஒதுக்கினால் இன்னும் குறைவு.

இதே கணக்கை 472.5 கிலோவில் போட்டுப் பாருங்கள். வெற்று எடையை 300 கிலோவாகக் குறைத்தாலும், அதே இருவர் ஏறியதும் எஞ்சுவது 2.5 கிலோ, அதாவது மூன்றரை லிட்டர் பெட்ரோல். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த கணக்கு இது! ஏட்டில் இரண்டு இருக்கை, நடைமுறையில் ஒன்றரை. வரம்பை மீறத் தூண்டும் வரம்பு பாதுகாப்பைக் கூட்டாது என்பது என் கருத்து. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம், விரும்பும் உறுப்பு நாடுகள் 600 கிலோ வரையுள்ள விமானங்களைத் தங்கள் தேசிய விதிகளின்கீழ் வைத்துக்கொள்ள வழிவிட்டது.

எண் ஒன்றானாலும் நிபந்தனை ஒன்றல்ல. இரு தரப்பும் ஸ்டால் வேகத்துக்கு 45 நாட் (மணிக்கு ஏறத்தாழ 83 கிலோமீட்டர்) என்ற உச்சத்தை வைத்தன. ஆனால் 2004-இன் அமெரிக்க விதி அதை ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும், இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) இறக்காத நிலையில் கேட்டது, ஐரோப்பிய விதி தரையிறங்கும் நிலையில், ஃபிளாப்போடு அளந்தது. ஆகவே ஐரோப்பிய வடிவமைப்பாளர் சற்றுச் சிறிய இறக்கையோடு தப்பிக்க முடியும். பெரிய இறக்கையும் குறைந்த எடையும் சேர்ந்த விமானம் மெதுவாக இறங்கும் என்றாலும், குறுக்குக் காற்றில் காகிதம்போல் அலையும்.

எடையை மட்டும் பிடித்துக்கொள்வதன் கோணல் பழைய எர்கூப் விமானத்தில் நன்றாகத் தெரியும். 1,260 பவுண்டு கொண்ட 415-சி மாடல் 2004 விதிக்குள் வந்தது. தோற்றத்தில் அதன் இரட்டையான 415-டி, சான்றிதழில் 1,400 பவுண்டு என்று இருந்ததால் வரவில்லை. முதல் சான்றிதழ் முதலே வரம்புக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி என்பதால், பின்னாளில் காகிதத்தில் எடையைக் குறைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மொசைக்கின் தர்க்கம் இங்கேதான் வலுவாக நிற்கிறது. விபத்தில் உடலைத் தாக்குவது ஆற்றல். அது எடையோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். அதே இறக்கையில் எடையை 10 சதவீதம் கூட்டினால் ஸ்டால் வேகம் ஏறக்குறைய 5 சதவீதமும், அந்த வேகத்தில் இயக்க ஆற்றல் 21 சதவீதமும் கூடும். எனவே ஸ்டால் வேகத்துக்கு வரம்பு வைத்தால் எடைக்கும் மறைமுகமாகக் கடிவாளம் விழுகிறது. வலுவான உடற்சட்டகத்துக்கோ கூடுதல் எரிபொருளுக்கோ சில கிலோ செலவிடும் சுதந்திரமும் கிடைக்கிறது. ஸ்போர்ட் விமானி, அதாவது சிறிய விமானங்களுக்கான எளிய உரிமம் பெற்றவர் ஓட்டும் விமானத்துக்கு மொசைக் வைத்த ஸ்டால் வேக வரம்பு, ஃபிளாப் இறக்காத நிலையில் 59 நாட். புதிதாகச் சான்று பெறும் லைட் ஸ்போர்ட் விமானத்துக்குத் தரையிறங்கும் நிலையில் 61 நாட்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் எடை வரம்பே ஒழிந்தது என்று மகிழக்கூடும். ஒழிந்தது வகையின் வரம்பு மட்டுமே. 600 கிலோவுக்குச் சான்று பெற்று ஏற்கெனவே பறக்கும் விமானம், தயாரிப்பாளர் முறைப்படி உயர்த்தாத வரை 600 கிலோதான். நான்கு இருக்கை விமானத்தை ஓட்டும் ஸ்போர்ட் விமானியும் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றலாம். பின்னிருக்கையில் பை வைப்பதானால் அந்த விமானத்தின் எடை, சமநிலைக் கணக்கு அதற்கு இடம் தர வேண்டும்.