லாவண்டர் மணக்கும் இரவு முக எண்ணெய்: ஒரு மதிப்பீடு

‘முழுக்க முழுக்கத் தாவரப் பொருள்’ என்ற அறிவிப்புடன் விற்கப்படும் இரவு முக எண்ணெய் ஒன்றைச் சில வாரங்களாகப் பூசி வருகிறேன். ஹொஹோபா என்ற பாலைவனச் செடியின் விதை எண்ணெயில் லாவண்டர், பெர்கமாட், இலாங் இலாங் ஆகிய நறுமண எண்ணெய்களைக் கலந்திருக்கிறார்கள். ஹொஹோபாவைக் குறை சொல்வதற்கில்லை. பிசுபிசுப்பில்லாமல் பரவி, வறட்சியை நன்றாகவே போக்குகிறது. என் தயக்கமெல்லாம் மணத்தைப் பற்றியதுதான்.

லாவண்டர் மணத்தின் முக்கியக் கூறான லினலூல், புதிதாக இருக்கும்போது அவ்வளவாக ஒவ்வாமை தருவதில்லை. காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைகையில் உருவாகும் ஹைட்ரோபெராக்ஸைடுகளே தோலைத் தூண்டிவிடுகின்றன. இந்த எண்ணெயோ சொட்டுக்குழாய் வைத்த குப்பியில் வருவதால், திறக்கும்போதெல்லாம் புதுக் காற்று உள்ளே போகிறது. பழுப்புக் கண்ணாடி ஒளியை மட்டுப்படுத்துமே தவிர இதற்கு உதவாது. இந்த விலைக்குக் காற்றுப் புகாத பம்ப் குப்பியாவது கொடுத்திருக்கலாம்.

பெட்டியில் லினலூல், லிமோனீன், ஜெரானியால் ஆகிய மணக்கூறுகளின் பெயர்களை அச்சிட்டிருப்பது பாராட்டத்தக்கது. கழுவாமல் தோலிலேயே விடும் பூச்சுகளில் இவை 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. தனியாகச் சேர்த்த ரசாயனங்கள் என்று இவற்றை நினைக்க வேண்டியதில்லை. அந்தத் தாவர எண்ணெய்களுக்குள்ளேயே இருப்பவை இவை. பெர்கமாட்டில் இயல்பாக உள்ள பெர்கப்டென் என்னும் வேதிப்பொருள், வெயில் படும்போது தோலைப் புண்ணாக்கிக் கருமைத் தழும்பை விடக்கூடியது. அது நீக்கப்பட்ட வகை சந்தையில் உண்டு என்றாலும், எதைச் சேர்த்தார்கள் என்று பெட்டியில் ஒரு சொல்லும் இல்லை. இரவுப் பூச்சுதானே என்று அதை விட்டுவிட்டார்கள் போலும்.

எனக்கு இதுவரை அரிப்போ சிவப்போ வரவில்லை. ஆனால் எரிச்சல் உடனே தெரிந்துவிடும். ஒவ்வாமையோ பல மாதம் பூசிய பிறகும் தலைகாட்டலாம், வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். ஆகவே எக்ஸிமா என்னும் தோல் அழற்சி உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள் முழங்கை மடிப்பில் நாளுக்கு இருமுறை வீதம் ஒரு வாரமாவது பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகலாம். திறந்தபின் 12 மாதம் வரை பயன்படுத்தலாம் என்று பெட்டி சொல்கிறது. சொட்டுக்குழாய்க் குப்பிக்கு அது மிகத் தாராளமான கணக்கு. இதே நிறுவனம் மணம் சேர்க்காத ஹொஹோபா எண்ணெயைக் குறைந்த விலைக்கு விற்கிறது. அடுத்த முறை நான் வாங்கப்போவது அதைத்தான்.